மல்லாந்த சில்லு

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நோண்டி எழுதுகிறேன். நான் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அண்ணிக்கு இருமல் நின்றதா?

கையால் எழுதிய கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறியிருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. என் போன் கம்பெனி கொடுத்தது, லேப்டாப்பும் கம்பெனி கொடுத்தது. அவற்றில் நான் எதை எழுதினாலும் அது தங்களுக்கே சொந்தம் என்று வேலைக்குச் சேரும்போதே எழுதி வாங்கிக்கொண்டார்கள். நான் இப்போது செய்கிற காரியம் அவர்களுக்குச் சொந்தமாகக் கூடாது. அதனால்தான் பேனா.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு சிப் செய்கிறேன். கம்பெனிக்கு இல்லை, எனக்கு.

போன மாதம் நாலாவது தடவையாக டிசைன் பிரிவுக்கு மாற்றல் கேட்டேன். மற்றவர்கள் வரைந்த சிப்பில் தப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக் கொடுப்பதுதான் பதினெட்டு வருஷமாக என் வேலை. மேனேஜர் சிரித்தான். என்னிடம் பயிற்சிக்கு வந்தவன்தான், இன்றைக்கு எனக்கே மேனேஜர். "மேடம், தப்பு கண்டுபிடிக்கறதுல உங்கள அடிச்சுக்க ஆளே இல்ல. ஆனா புதுசா ஒண்ண உருவாக்கறதுக்கு வேற மாதிரி மூளை வேணும்" என்றான். வேற மாதிரி மூளை! வீடு வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். வந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, என் சொந்தப் பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுத்து வைத்தேன்.

இப்போதெல்லாம் பல பேர் சேர்ந்து ஒரே சிலிக்கான் தகட்டில் ஆளுக்கொரு துண்டு இடம் வாங்கி, அவரவர் வரைபடத்தை அச்சடித்துக்கொள்ளலாம். ஒரு மனையைப் பங்கு பிரித்துக்கொள்வது மாதிரி. என் பங்கு கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டர் மூளையை அடக்கப் போகிறேன். சின்ன மூளைதான். கூட்டும், கழிக்கும், இரண்டை ஒப்பிட்டுப் பார்க்கும், சொன்ன இடத்துக்குத் தாவும். மொத்தம் முப்பத்தொரு கட்டளைகள், எல்லாம் நானே யோசித்தவை. தினமும் காலை ஐந்திலிருந்து ஏழரை வரை உட்காருகிறேன்.

அது ஓடுகிறது என்று காட்ட உருப்படியான ஒரு வேலை கொடுக்க வேண்டும். பொம்மை லிஃப்ட் ஒன்றை அது ஓட்டினால் என்ன என்று தோன்றியது. எந்த மாடிக்கு முதலில் போவது என்று லிஃப்ட் எப்படி முடிவு செய்கிறது? இருபத்தாறு வருஷமாக அதன் வயிற்றுக்குள் கை விடுகிறவன் நீதானே, எழுது.

உன் தங்கை
நோண்டி


ஜனவரி 25

நோண்டிக்கு,

அண்ணன் எழுதுவது. முதுகுவலி என்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறது. உன் அண்ணிக்கு இருமல் நின்றுவிட்டது, பேச்சுத்தான் நிற்கவில்லை.

உன் கடுதாசியைக் கொடுத்துவிட்டுத் தபால்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கம்ப்யூட்டருக்கு மூளை செய்கிறவள் கடுதாசி எழுதுகிறாள் என்றால் சிரிக்க மாட்டார்களா? இருக்கட்டும். உன் மேனேஜரை நினைத்தால்தான் எனக்குக் கை பரபரக்கிறது. நாலு வயசில் ரேடியோவை நோண்டிப் பிரித்துப் போட்டவளுக்கு மூளை இல்லையாம்.

கேட்டதற்குப் பதில். லிஃப்ட்டுக்கு இரண்டே விதி. முதலாவது, ஏறிக்கொண்டிருந்தால் மேலே கூப்பிட்ட எல்லாரையும் முடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். யார் முதலில் பொத்தானை அழுத்தினார்கள் என்று பார்க்கக் கூடாது, போகிற வழியில் யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். முதலில் அழுத்தியவன் கத்துவான், கத்தட்டும்.

இரண்டாவது, கதவுப் பூட்டு. கதவு சாத்திப் பூட்டு விழுந்தது என்ற சேதி வந்தால்தான் மோட்டார் அசைய வேண்டும். சேதி வரவில்லையா, கட்டடமே தீப்பற்றினாலும் அசையக் கூடாது. பூட்டை ஏமாற்றி ஓட்டினால் அதற்குப் பெயர் லிஃப்ட் இல்லை, கொலைக் கத்தி. இதை உன் சிப்பின் மண்டையில் ஆணி அடித்த மாதிரி ஏற்று. கீழே படம் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

பொம்மை லிஃப்ட்டை நானே செய்து அனுப்புகிறேன். பட்டறையில் அலுமினியப் பட்டை மிச்சம் கிடக்கிறது. ஐந்து மாடி போதுமா? காரியம் முடியும்வரை கம்பெனியில் வாயைத் திறக்காதே.

அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

பொம்மை லிஃப்ட் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. நான் நலம். அதை மேசையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். உன் பொம்மைக் கதவுக்கும் பூட்டு வைத்திருக்கிறாயே, நீ திருந்தவே மாட்டாய்.

வரைபடம் முடிந்து அனுப்பிவிட்டேன். அச்சடித்து வர ஆறு மாதம் ஆகும். கடைசி மூன்று வாரம் உயிரை வாங்கிவிட்டது. சிப்புக்குள் ஒரு தாளம் தட்டிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தட்டுக்கும் சேதிகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரும். சேதி தாமதமாக வந்தால் தாளத்தை மெதுவாக்கிச் சமாளிக்கலாம். முந்திக்கொண்டு வந்தால் சமாளிக்க வழியே இல்லை, சிப் குப்பைக்குத்தான் போகும். என்னுடையதில் ஒன்பது இடத்தில் முந்திக்கொண்டு வந்தது. ஒன்பதையும் பிடித்துவிட்டேன்.

ஒரு மூலையில் கொஞ்சம் காலி இடம் மிஞ்சியது. அங்கே மேல் உலோகத்தில் 'நோண்டி' என்று எழுதினேன். அச்சடிக்கிறவர்களுக்கு நேர்கோடும் செங்கோணமும் தவிர வேறு எதுவும் ஆகாது, நம் எழுத்திலோ நேர்கோட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குட்டிக் குட்டிச் சதுரங்களைப் படிக்கட்டு மாதிரி அடுக்கி வளைத்தேன். 'ண்' என்ற ஒரே எழுத்துக்கு இருநூற்றுச் சொச்சம் தப்புக் காட்டியது. மூன்று காலைகள் அதற்கே போயின. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் வெட்டி வேலை என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இன்னொரு விஷயம், திட்டாதே. சொந்தமாக ஏதாவது செய்தால் தெரிவிக்க வேண்டும் என்று கம்பெனியில் ஒரு படிவம் இருக்கிறது. பூர்த்தி செய்து கொடுத்துவிட்டேன். என் வீடு, என் கம்ப்யூட்டர், என் காலை நேரம். ஒளித்து வைக்க நான் என்ன திருடியா?

அண்ணிக்கு என் அன்பு.

நோண்டி


மார்ச் 20

நோண்டிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நீ நலமாக இருக்கிறாய், புத்திதான் சுகமில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? படிவமாம், பூர்த்தியாம். திருடி இல்லை என்று நீயாகப் போய்ச் சொன்னால் எவனும் உன் பையைத்தான் முதலில் பார்ப்பான். போகட்டும், சிந்திய பாலுக்கு அழுது என்ன பயன்.

ஆனால் பேரைப் பொறித்தாய் பார், அது எனக்குப் பிடித்தது. அண்ணியிடம் சொன்னேன். "கண்ணுக்கே தெரியாத எடத்துல பேர் எழுதி யார் படிக்கப் போறாங்க?" என்று கேட்டாள். அதுதான் விஷயமே, யாரும் படிக்காத இடத்தில் எழுதினால்தான் யாரும் அழிக்க மாட்டார்கள் என்றேன். நானே எனக்குச் சபாஷ் போட்டுக்கொண்டேன்.

இங்கே வேலை கூடிப்போய்விட்டது. கூட இருந்த ஒருவர் நின்றுவிட்டார், வேறு ஆள் போடவில்லை. இருவர் பார்த்த கட்டடங்களை ஒருவன் பார்க்கிறேன். சூப்பர்வைசர் போனிலேயே குடியிருக்கிறார், "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று. முடிந்ததும் சொல்கிறேன் என்று போனை வைத்துவிடுகிறேன். உன் சிப் வந்ததும் எழுது. கீழே உன் 'ண்'ணைப் படிக்கட்டு வைத்து நானும் வரைந்து பார்த்திருக்கிறேன். பாம்பு மாதிரி வந்துவிட்டது.

அண்ணன்


மே 5

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ சொன்னது பலித்துவிட்டது. படிவத்துக்குப் பதில் வந்தது. நான் செய்தது கம்பெனியின் தொழிலோடு சம்பந்தப்பட்டதாம், அதனால் அதன் வரைபடம், உரிமை எல்லாவற்றையும் அவர்களுக்கே விட்டுக்கொடுப்பதாக நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கம்பெனி செய்வது கைப்பேசி சிப். நான் செய்தது பொம்மை லிஃப்ட் ஓட்டுகிற மூளை. பூனையும் புலியும் ஒரே ஜாதிதான் என்கிறார்கள்.

சட்டப் பிரிவு அதிகாரியம்மா மரியாதையாகத்தான் பேசினார். "ஒரே ஒரு கையெழுத்துதாம்மா, அப்புறம் உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி" என்றார். சிப் வரட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். செப்டம்பர் கடைசியில் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு.

எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நீ ஒரு வார்த்தை எழுது, ஆறும்.

நோண்டி


ஜூன் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. கடைக்காரர் போனை வாங்கி உன் வீட்டுக்குப் பேசினேன். அண்ணிதான் எடுத்தாள். நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னாள். இரண்டு நாள் கழித்துப் பேசினேன், அப்போதும் வெளியே போயிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு எந்த லிஃப்ட் உன்னைக் கூப்பிட்டது? அண்ணி குரலும் சரியில்லை. படிவ விஷயத்தில் என் மேல் கோபமா? கோபம் என்றால் திட்டியாவது எழுது. எல்லாரும் சுகம் என்று ஒரு வரி வந்தால் போதும்.

நோண்டி


ஜூன் 27

அன்புள்ள நோண்டிக்கு,

அண்ணன் சொல்லச் சொல்ல அண்ணி எழுதுவது. இங்கே அனைவரும் நலம். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள், கொஞ்ச நாளைக்கு எழுதக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வேறொன்றுமில்லை. அதனால்தான் தாமதம்.

உன் விஷயம் யோசித்தேன். கையெழுத்தைப் போட்டுவிடு. கையெழுத்துத்தானே கேட்கிறார்கள், கழுத்தையா கேட்கிறார்கள்? பெரிய இடத்தோடு மல்லுக்கு நின்று யார் ஜெயித்திருக்கிறார்கள்? கோடு போட்டால் முடிகிற காரியத்துக்கு எதற்காகப் பதினெட்டு வருஷ வேலையைப் பணயம் வைக்க வேண்டும்? போட்டுவிட்டு நிம்மதியாக இரு. பொம்மை லிஃப்ட்டை என் ஞாபகமாக அலமாரியில் வைத்துக்கொள்.

(நான் அண்ணி. என் பங்குக்கு இரண்டு வரி எழுதுகிறேன் என்றேன், விட மாட்டேன் என்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள்.)

அண்ணன், அண்ணி


ஜூலை 14

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் உன் கண் எப்படி?

கட்டடமே தீப்பற்றினாலும் பூட்டை ஏமாற்றக் கூடாது என்று ஜனவரியில் எழுதியது யார்? அந்த ஆள்தான் கோடு போட்டுவிட்டு நிம்மதியாக இரு என்கிறானா? உன் கடிதம் எதிலும் ஒரு கிறுக்கல் படமாவது இருக்கும். இதில் அது இல்லை, உன் நக்கல் இல்லை, நீயே இல்லை.

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். போன வாரம் மேனேஜர் கூப்பிட்டான். நான் கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதமே டிசைன் பிரிவில் நாற்காலி தருகிறார்களாம். "நீங்க ஆசப்பட்ட எடம்தானே மேடம்" என்றான். பதினெட்டு வருஷமாகக் கேட்டது அது. மாட்டேன் என்று உடனே சொல்ல வாய் வரவில்லை. யோசிக்கிறேன் என்றுதான் வந்தது. வெட்கமாக இருக்கிறது. தாளை வீட்டுக்கே கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். இரண்டு தடவை பேனாவைத் திறந்தேன், இரண்டு தடவை மூடினேன்.

'அடி கழுதை, போட்டால் வீட்டுப் படியேறாதே' என்று நீ எழுதுவாய் என்றுதான் காத்திருந்தேன். நீயும் போடு என்கிறாய். ஊரே திரண்டு சொன்னாலும் கேட்காதவள் நான். நீ சொன்னால் கேட்பேன், அது உனக்குத் தெரியும். அதனால் ஒரே ஒரு தடவை உன் கையால் எழுது. உன் கையெழுத்தில் 'போடு' என்று இருந்தால் போட்டுவிடுகிறேன்.

நோண்டி


ஆகஸ்ட் 30

நோண்டிக்கு,

எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. கோழி கிளறியது மாதிரி இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். உனக்குப் பதில் எழுத வேண்டும் என்பதற்காகவே ஆறு வாரம் பழகினேன். முதல் வாரம் 'அ'கூட வரவில்லை.

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. மே பதினொன்றாம் தேதி வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும்.

ஏழு மாடிக் கட்டடம். ஏழாவது மாடிக் கதவுப் பூட்டு சேதி தரவில்லை, லிஃப்ட் அசையவில்லை. பூட்டைக் கழற்றி மாற்ற இரண்டு மணி நேரம் வேண்டும். குடியிருப்பவர்கள் கத்துகிறார்கள். சூப்பர்வைசர் போனில், "ஒரு ஒயரப் போட்டுப் பூட்டு விழுந்த மாதிரி இணைச்சு விட்டுட்டு ஓட்டுய்யா, அஞ்சு நிமிஷ வேலை" என்றார். மாட்டேன் என்றேன். மறுபடி கூப்பிட்டார். மாட்டேன் என்றேன். மூன்றாவது தடவை, "நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லவா?" என்றார். ஒயரைப் போட்டேன். நானே போட்டேன், அந்த வலது கையால். கதவுச் சட்டத்தில் விரல் இருந்தபோது கீழே யாரோ பொத்தானை அழுத்தினார்கள். பூட்டு விழாமலேயே லிஃப்ட் கிளம்பியது. அழுத்தியவர் மேல் தப்பில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கே தாளோடு வந்தார் சூப்பர்வைசர். என் அஜாக்கிரதையால் நடந்தது, யாரும் எனக்கு அப்படிச் செய்யச் சொல்லவில்லை என்று அதில் அடித்திருந்தது. வலது கை கட்டுக்குள் இருந்தது. "இடது கட்டை விரல் போதும்" என்று மை டப்பாவை நீட்டினார். வைத்தேன். பதிலுக்கு ஸ்டோரில் உட்கார்ந்து திருகாணி எண்ணிக் கொடுக்கிற வேலை. தினமும் போய் வருகிறேன். கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்கிறேன்.

உன்னை ஏன் போடச் சொன்னேன் தெரியுமா? நான் செய்தது சரி என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது. நீயும் போட்டுவிட்டால் அது ஊர் உலகத்தில் எல்லாரும் செய்கிற காரியம் ஆகிவிடும், எனக்கும் தூக்கம் வரும் என்று நினைத்தேன். உன் அண்ணி அந்தக் கடிதத்தை அழுதுகொண்டேதான் எழுதினாள். அண்ணன் செய்கிற வேலையா இது?

என் கையால் எழுதச் சொன்னாய். மிச்சமிருக்கிற கையால் எழுதுகிறேன். போடாதே.

அண்ணன்


செப்டம்பர் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அன்று முழுவதும் கையிலேயே வைத்திருந்தேன். அழுதேன், பிறகு அந்த சூப்பர்வைசரை எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையாலும் திட்டினேன், பிறகு உன்னையும் திட்டினேன். இரண்டு விரல் போயிருக்கிறது, கண் சொட்டு மருந்தாம்! வரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பாய். அதனால் டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அக்டோபர் இருபதாம் தேதி அங்கே இருப்பேன். கை இப்போது வலிக்கிறதா? மறைக்காமல் எழுது.

இப்போது என் கதையைக் கேள். சிப் பதினேழாம் தேதி வந்தது. கறுப்பாக, இரண்டு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டு கால்கள். அதைப் பொருத்துவதற்கான போர்டை முன்பே வரைந்து செய்து வாங்கி வைத்திருந்தேன். சிப்பை அதன் மேல் வைத்தேன். பொருந்தியது. ஆனால் ஒவ்வொரு காலும் தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தது. கால்களின் படம் கீழிருந்து பார்ப்பது போல வரையப்பட்டிருக்கிறது, நான் மேலிருந்து பார்ப்பதாக எடுத்துக்கொண்டுவிட்டேன். வலது கை உறையை இடது கைக்குத் தைத்த மாதிரி, இடம் வலம் மொத்தமும் மாறிப்போய்விட்டது. பதினெட்டு வருஷம் ஊரார் தப்பைக் கண்டுபிடித்தவள், பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற தப்பை நானே செய்தேன். மேனேஜருக்குத் தெரிந்திருந்தால் கேக் வெட்டியிருப்பான்.

புதுப் போர்டு வர மூன்று வாரம். கூட்டத்துக்கு ஒரு வாரம்தான். கொஞ்ச நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். பிறகு சிப்பை மல்லாக்கப் போட்டேன். செத்த கரப்பான்பூச்சி மாதிரி இருபத்துநாலு காலும் மேலே பார்த்தபடி கிடந்தது. மல்லாந்து கிடந்தால் இடமும் வலமும் மாறுகிறதே! இப்போது ஒவ்வொரு காலும் அதனதன் இடத்துக்கு நேர் மேலே நின்றது. முடி கனத்தில் செம்புக் கம்பி எடுத்து, ஒவ்வொரு காலிலிருந்தும் கீழே இறக்கிப் பற்றவைத்தேன். இரண்டு காலைப் பொழுது. இருபத்துநாலு கம்பி.

மின்சாரம் கொடுத்தேன். அசையவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஒரு மாதிரி உற்சாகம்தான் வந்தது. ஏனென்றால் இது என் தொழில். ஒவ்வொரு சேதியாகப் பின்தொடர்ந்து போனேன். ஒன்பதாவது காலில் ஈயம் ஒட்டியது போல் நடித்திருக்கிறது. மறுபடி பற்றவைத்தேன். உன் பொம்மை லிஃப்ட் கிர்ரென்று கிளம்பி இரண்டாவது மாடியில் நின்று கதவைத் திறந்தது. தப்பு கண்டுபிடிக்கிற மூளையும் உருவாக்குகிற மூளையும் ஒரே மண்டையில்தான் இருக்கிறது அண்ணா. நான் தனியாக வீட்டுக்குள் நின்று கத்தினேன், பக்கத்து வீட்டில் கதவைத் தட்டி என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

கூட்டத்துக்கு லிஃப்ட்டையும் போர்டையும் பையில் எடுத்துக்கொண்டு போனேன். மேனேஜர், அதிகாரியம்மா, பெயர் சொல்லாத பெரியவர் ஒருவர். மேனேஜர் போர்டைப் பார்த்ததும், "என்ன மேடம், தலைகீழா மாட்டியிருக்கீங்க?" என்று சிரித்தான்.

"ஆமா. தலைகீழா கெடந்தாலும் ஓடும். அமுக்கிப் பாருங்க" என்றேன்.

அதிகாரியம்மா குழந்தை மாதிரி நாலை அழுத்தினார், பிறகு இரண்டை அழுத்தினார். லிஃப்ட் இரண்டில் நின்றுவிட்டு நாலுக்குப் போனது. "நான் நாலத்தானே மொதல்ல அமுக்கினேன்?" என்றார். "யாரு மொதல்ல அமுக்கினாங்கன்னு அது பாக்காது, வழியில யாரு நிக்கறாங்கன்னுதான் பாக்கும். இத எனக்குச் சொல்லிக் குடுத்தவர் லிஃப்ட் மெக்கானிக்" என்றேன். மேனேஜர் கதவை விரலால் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்திப் பார்த்தான். லிஃப்ட் அசையவில்லை. எத்தனை தடவை அழுத்தியும் அசையவில்லை.

பெரியவர் தாளை நகர்த்தினார். "நல்லா செஞ்சிருக்கீங்க. அதனாலதான் டிசைன்ல எடம் குடுக்கறோம். கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டேன்."

"அப்ப ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்க."

"அதுவும் ஒரு கையெழுத்துதானே சார். அதையும் போட மாட்டேன். நான் செஞ்சது தப்புன்னா என்ன தப்புன்னு நீங்க எழுதி, நீங்க கையெழுத்துப் போட்டு என்ன வெளிய அனுப்புங்க. தப்பு எங்க இருக்குன்னு நான் படிச்சுப் பாத்துச் சொல்றேன்."

இன்னொன்றும் சொன்னேன். அன்று காலையே என் வரைபடம் முழுவதையும், யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று எல்லாரும் பார்க்கிற இடத்தில் போட்டுவிட்டேன். இனி அதை யாராலும் பூட்டி வைக்க முடியாது, என்னாலும் முடியாது. மேனேஜர் முகம் வெளுத்துப்போனது. பெரியவர் எழுந்து போய்விட்டார்.

இன்றைக்கு ஐந்தாவது நாள். யாரும் எதுவும் எழுதித் தரவில்லை. தினமும் காலையில் வாசலில் அட்டையைக் காட்டுகிறேன், பச்சை விளக்கு எரிகிறது, உள்ளே போய் என் பழைய நாற்காலியில் உட்காருகிறேன். எரியாத நாள் வரும். வரட்டும், பார்க்கலாம்.

நோண்டி


அக்டோபர் 16

நோண்டிக்கு,

அண்ணன் எழுதுவது, இடது கையால்தான். உன் கடிதத்தை உன் அண்ணிக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். மல்லாந்த சிப் கதையில் சிரித்தாள், கதவைப் பிடித்த இடத்தில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இருபதாம் தேதி வருகிறாய். அதற்குள் ஒரு காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்து சண்டை போட்டான் என்று யாரும் சொல்லக் கூடாது.

ஒயரைப் போடச் சொன்னது யார், எத்தனை மணிக்கு எத்தனை தடவை கூப்பிட்டார், ஆஸ்பத்திரியில் எப்படி விரல் ரேகை வாங்கினார் என்று எல்லாவற்றையும் மூன்று பக்கம் எழுதினேன். அந்தப் பழைய தாளில் இருப்பது பொய் என்றும் எழுதினேன். அடியில் இடது கையால் கையெழுத்துப் போட்டு நேற்றுக் காலை தலைமை அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த கிளார்க் முழுவதையும் படித்தார். பிறகு உள்ளே போனார், சூப்பர்வைசர் அறையிலிருந்துதான் வெளியே வந்தார். என் பழைய ஃபைலைப் பிரித்து, வேலைக்குச் சேர்ந்தபோது போட்ட கையெழுத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பொருந்தலையேங்க. இத வாங்கிக்க முடியாது. இதுல இருக்கிற மாதிரியே போட்டுக் கொண்டாங்க" என்றார்.

ஐந்து மாதமாகப் பாக்கெட்டை விட்டு வெளியே வராத கையை எடுத்து அவர் மேசை மேல் வைத்தேன். அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் பார்த்தார்கள். சூப்பர்வைசரும் கதவோரம் நின்று பார்த்தார்.

"அந்தக் கையெழுத்தப் போட்ட ரெண்டு வெரலும் உங்க ஏழாவது மாடிக் கதவுல போயிடுச்சு சார். தேடி எடுத்துட்டு வாங்க, அதே மாதிரி போட்டுத் தரேன்" என்றேன். "உங்களுக்கு வேணும்னப்ப கட்ட வெரலே போதும்னு வாங்கிக்கிட்டீங்க. நான் குடுக்க வந்தா மட்டும் அஞ்சு வெரலும் முழுசா இருக்கணுமா?"

கிளார்க் என் கையைப் பார்த்தார், கதவோரம் நின்றவரைப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்து மூன்று பக்கத்திலும் குத்தி, தேதி போட்டு, நகலை என்னிடம் கொடுத்தார்.

இனி என்ன செய்வார்களோ தெரியாது. இன்றைக்கு வேலைக்குப் போனேன். கையை வெளியிலேயே வைத்திருந்தேன்.

எட்டு விரலோடு நலமாக இருக்கிறேன். வா.

அண்ணன்